பழைய ஹோஃப்னர் ஆர்ச்டாப்பில் ஜாஸ் ஸ்டாண்டர்டுகள்: மும்பையில் வாசிப்பவர்களிடம் சில கேள்விகள்

மாட்டுங்கா ஈஸ்ட்

எல்லோருக்கும் வணக்கம். பாந்த்ராவில் ஒரு குடும்பத்தாரிடம் இருந்து பழைய ஹோஃப்னர் ப்ரெசிடென்ட் கிதார் ஒன்று வாங்கியிருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் ஹோட்டல் பேண்டில் வாசித்தவராம். அவர் காலமான பிறகு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. உள்ளே லண்டன் செல்மர் கம்பெனியின் லேபிள் இருக்கிறது. 1950களின் கடைசியில் செய்ததாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆர்ச்டாப் என்பார்களே, அந்த வளைந்த மேற்பலகை, எஃப் எழுத்து வடிவில் இரண்டு துளைகள், கழுத்துப் பக்கம் தந்தியின் அசைவை ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் ஒரே ஒன்று. மரத்தில் எங்கும் விரிசல் இல்லை.

இதுவரை ராக், சினிமாப் பாட்டு என்று சாலிட் பாடி கிதாரில்தான் வாசித்து வந்தேன். இதை வாங்கியதே ஜாஸ் ஸ்டாண்டர்டுகள், அதாவது எல்லோரும் வாசிக்கும் பழைய ஜாஸ் பாட்டுகள், கற்றுக்கொள்ளத்தான். ஆட்டம் லீவ்ஸ் என்ற பாட்டில் ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு பிரச்சினை.

முதலாவது, ஆம்ப்பில் போட்டால் மெல்லிய மேல்ஸ்தாயித் தந்திகள் இரண்டு மட்டும் கத்துகின்றன, மற்ற நான்கும் எங்கோ தூரத்தில் கேட்கின்றன. தென் மும்பையில் ஒரு கடையில் காட்டினேன். பிக்கப் செத்துவிட்டது, மேற்பலகையை வெட்டி ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் இரண்டு வைத்துவிடலாம் என்றார்கள். செலவு பெரிதில்லை, ஆனால் வெட்ட மனசு வரவில்லை.

இரண்டாவது, ஸ்வரம் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு தந்தியைத் தட்டினால் பட்டென்று எழும்பி உடனே அடங்கிவிடுகிறது. ஆட்டம் லீவ்ஸில் நீண்ட ஸ்வரங்கள்தான் மெட்டே. இந்தக் கிதாரில் அதை எப்படி வாசிப்பது? சஸ்டெய்ன் கூட்ட ஏதாவது வழி உண்டா?

டைமண்ட் கார்டன்

வாழ்த்துகள். ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், பழையது என்பதற்காக ஒரு வாத்தியத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. ஜாஸ் கற்றுக்கொள்ளப் புது ஐபனெஸ் கிதார் போதும். ஜாஸ் கிதார் கலைஞர் ஜார்ஜ் பென்சனுக்காக 1977இல் அவர்கள் கொண்டுவந்த ஜிபி10 மாடல் மேடையில் எத்தனை பேர் கையில் இருக்கிறது பாருங்கள். உடம்பைச் சின்னதாக்கி, பிக்கப்பை மேற்பலகையில் படாமல் மிதக்கவிட்டு, ஆம்ப் சத்தம் கிதாருக்கே திரும்பி ஊளையிடும் ஃபீட்பேக் தொல்லையைக் குறைத்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆன ஜெர்மன் மரத்தை மும்பை மழைக்காலத்தில் காப்பாற்றுவது தனி உத்தியோகம். விற்றுவிட்டு நல்ல புதிதாக வாங்குங்கள்.

மரத்தூள்

வெட்டாதீர்கள். விற்கவும் வேண்டாம். முதலில் ஒரே ஒரு கேள்வி: இப்போது என்ன தந்தி போட்டிருக்கிறது? தடித்த நான்கும் என்ன நிறம்?

மாட்டுங்கா ஈஸ்ட்

செம்பு நிறம் சார். வாங்கும்போது தந்தி எல்லாம் துருப்பிடித்திருந்தது. அதே கடையில்தான் புது செட் போட்டுக் கொடுத்தார்கள். அகூஸ்டிக் ஃபாஸ்ஃபர் ப்ரான்ஸ் என்று அட்டையில் இருந்தது.

மரத்தூள்

அவ்வளவுதான் விஷயம். உங்கள் பிக்கப் உயிரோடுதான் இருக்கிறது.

காந்த பிக்கப் இரும்பு அசைவதைத்தான் கேட்கும். வெண்கலத்தை அது கேட்காது. ஃபாஸ்ஃபர் ப்ரான்ஸ் தந்தியில் நடுவில் ஓடும் மெல்லிய எஃகுக் கம்பி மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும், மேலே சுற்றியிருக்கும் வெண்கலம் அதற்கு இல்லாத மாதிரி. மேல் இரண்டு தந்திகளும் முழுக்க எஃகு, அதனால் கத்துகின்றன. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். நிக்கல் அல்லது எஃகு சுற்றிய எலெக்ட்ரிக் செட் போட்டால் ஆறும் ஒரே சீராக வரும்.

தந்தி வாங்கும்போது சில விஷயம் பாருங்கள். ஃப்ளாட்வவுண்ட் வாங்குங்கள். சுற்றுக் கம்பி உருண்டையாக இல்லாமல் பட்டையாக இருக்கும், விரல் நகரும்போது கீச்சென்று சத்தம் வராது. பழைய ஜாஸ் ரெக்கார்டுகளில் கேட்கும் அந்தக் கருமையான ஒலியில் பாதி இதனால் வருவது. 3ஆம் தந்தியும் சுற்றிய தந்தியாக இருக்க வேண்டும். ஜாஸ் ஆட்கள் வழக்கமாக 12இல் தொடங்கும் செட் (மிக மெல்லிய தந்தியின் தடிமன் 0.012 அங்குலம்) போடுவார்கள், ஆனால் நீங்கள் 11இல் ஆரம்பியுங்கள். காரணம், 1950களின் ஹோஃப்னர் பலவற்றில் கழுத்துக்குள் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் கிடையாது. இழுவை அதிகமாகி கழுத்து முன்னால் வளைந்துவிட்டால் நிமிர்த்துவது பெரிய வேலை. ஒரு மாதம் 11இல் வைத்து, 12ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் மாறுகிறதா என்று அளந்து பாருங்கள். மாறவில்லை என்றால் 12க்குப் போகலாம்.

அப்புறம், ஆறு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் அந்த பிரிட்ஜ் ஒட்டியதில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. மொத்தமாகக் கழற்றினால் கையோடு வந்துவிடும், பிறகு அதன் இடத்தைத் தேட வேண்டும். ஒன்று கழற்றி ஒன்று போடுங்கள். முடிந்ததும் 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருப்பது) பக்கம் துளி நகர்த்துங்கள், குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். ஹோஃப்னர் பிரிட்ஜில் தந்திக்கு அடியில் சின்னச் சின்ன ஃப்ரெட் கம்பித் துண்டுகள் காடியில் செருகியிருக்கும். அவற்றில் ஒன்றும் விழுந்திருக்கிறதா பாருங்கள், பழைய கிதாரில் இது அடிக்கடி நடப்பது.

பிக்கார்டு, அதாவது மேற்பலகையில் கீறல் விழாமல் காக்கும் தகடு, செல்லுலாய்டா? ஒரு தரம் படம் போடுங்கள்.

மாட்டுங்கா ஈஸ்ட்

தந்தி நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டீர்களே சார், மிக்க நன்றி. நாளைக்கே தோபி தலாவ் பக்கம் போய் ஃப்ளாட்வவுண்ட் விசாரிக்கிறேன்.

பிக்கார்டு ஓரம் கொஞ்சம் சுருண்டிருக்கிறது. அதன் கிட்டே இருக்கும் திருகுகள் பச்சை பூத்திருக்கின்றன. துணியால் தேய்த்தபோது கற்பூர வாசனை வந்தது, வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

மரத்தூள்

செல்லுலாய்டேதான். அதைச் செய்வதே நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்து. தேய்த்தால் கற்பூரம் மணப்பது சகஜம், அதனால் பயம் இல்லை. பச்சை பூத்ததுதான் கவலை. செல்லுலாய்டு கெட ஆரம்பித்தால் அமிலம் கலந்த ஆவி விடும், பக்கத்தில் இருக்கும் உலோகத்தை எல்லாம் அரித்துவிடும். பிக்கப் மூடி, ஃப்ரெட், திருகு எதுவும் தப்பாது. சூடும் ஈரமும் இதை வேகப்படுத்தும், நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. பிக்கார்டைக் கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றி, கேஸுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நெருப்புக்கு அருகில் கூடாது, குப்பென்று பிடிக்கும். தூக்கியும் எறியாதீர்கள், புதிது செய்ய அதுதான் அளவு.

மழைக்காலத்துக்கு: கேஸுக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானி போடுங்கள், 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். ஜூலையில் இங்கே வெளியே 80க்கு மேல்தான் எப்போதும். சிலிக்கா ஜெல் பை வாங்கி, நிறம் மாறியதும் வாணலியில் வறுத்து மறுபடி உபயோகிக்கலாம். பழைய கிதார்களின் மூட்டுகளை ஒட்டியிருப்பது வச்சிரப் பசையில். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மதியம் விட்டால் போதும், இளகிவிடும்.

டைமண்ட் கார்டன்

தந்தி விஷயத்தில் மரத்தூள் சொன்னது சரி, அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. ஸ்வரம் நிற்காத கிதாரில் நீண்ட ஸ்வர மெட்டு எதற்கு? தேயும் ஸ்வரத்தைத் தூக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் பெடல் ஒன்று போட்டால் தீர்ந்தது.

மாஹிம் பெரியவர்

நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். எழுபதுகளில் இங்கே வந்து ஹோட்டல்களில் கிதார் வாசித்திருக்கிறேன். என் கையில் இருந்ததும் ஆர்ச்டாப்தான்.

தம்பி, ஸ்வரம் சீக்கிரம் அடங்குவது அந்தக் கிதாரின் குறை என்று நினைக்காதே. அதைச் செய்ததே அப்படித்தான். வளைந்த மேற்பலகையும் உயர்ந்த பிரிட்ஜும் தந்தியின் சக்தியை வாங்கி உடனே வெளியே தள்ளிவிடும். சத்தம் முதலிலேயே முழுசாக வந்துவிடும், பிறகு மிச்சம் இருக்காது. பேண்டில் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கும்போது நடுவில் நறுக்கென்று கேட்க வேண்டும் என்பதற்காக வந்த வாத்தியம் அது. கிப்சன் எல்-5 1922இல் எஃப் துளையோடு வந்ததே அதற்குத்தான். கவுண்ட் பேசி பேண்டில் ஃப்ரெடி கிரீன் 1937 முதல் 1987 வரை, சாகும் வரை, அதே மாதிரி கிதாரில் அளவுக்கு (பார் என்பார்களே, தாளத்தின் ஒரு சுற்று) நாலு தட்டு தட்டியே பேண்டைத் தூக்கி நிறுத்தினார். ஆம்ப் கிடையாது. ஸ்வரம் நீண்டிருந்தால் ஒன்றோடொன்று கலந்து குழம்பியிருக்கும். அடங்கியதால்தான் தாளம் துல்லியமாக நின்றது.

அப்புறம் 1936இல் கிப்சனின் மின் கிதார் இஎஸ்-150 வந்தது. 1939இல் சார்லி கிறிஸ்டியன் அதை எடுத்துக்கொண்டு பென்னி குட்மேன் பேண்டில் சேர்ந்தார். சாக்ஸஃபோன் மாதிரி ஒற்றை ஸ்வர வரிசைகளை வாசித்துக் காட்டினார். 1942இல் 25 வயதில் போய்விட்டார். அந்த மூன்று வருஷத்து ரெக்கார்டுகளைக் கேள். ஒரு ஸ்வரத்தைக்கூட அவர் பிடித்து வைத்துக்கொண்டிருக்க மாட்டார். அடுத்தது, அடுத்தது என்று வாக்கியமாகப் போய்க்கொண்டே இருப்பார். நிற்காத ஸ்வரத்தை வைத்து எப்படிப் பேசுவது என்பதற்கு அவர்தான் முதல் பாடம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆட்டம் லீவ்ஸின் மெட்டு ஜோசஃப் கோஸ்மா 1945இல் அமைத்தது. ஜி மைனரில் எடுத்துக்கொள். முதல் எட்டு அளவில் வரும் கார்டுகள்: சி மைனர் 7, எஃப் 7, பி ஃப்ளாட் மேஜர் 7, ஈ ஃப்ளாட் மேஜர் 7, ஏ மைனர் 7 ஃப்ளாட் 5, டி 7, கடைசி இரண்டு அளவும் ஜி மைனர். இவற்றை ஆறு தந்தியிலும் பிடிக்காதே. மூன்றே மூன்று தந்தி போதும். கீழே எழுதுகிறேன், கிதாரை எடுத்து வைத்துக்கொள். மெல்லிய தந்தி 1, மிகத் தடித்தது 6; அடுத்து வரும் எண் எந்த ஃப்ரெட் என்பது.

சி மைனர் 7: 6ஆம் தந்தியில் 8, 4ஆம் தந்தியில் 8, 3ஆம் தந்தியில் 8.
எஃப் 7: 5ஆம் தந்தியில் 8, 4இல் 7, 3இல் 8.
பி ஃப்ளாட் மேஜர் 7: 6இல் 6, 4இல் 7, 3இல் 7.
ஈ ஃப்ளாட் மேஜர் 7: 5இல் 6, 4இல் 5, 3இல் 7.
ஏ மைனர் 7 ஃப்ளாட் 5: 6இல் 5, 4இல் 5, 3இல் 5.
டி 7: 5இல் 5, 4இல் 4, 3இல் 5.
ஜி மைனர் 7: 6இல் 3, 4இல் 3, 3இல் 3.

இப்போது 3ஆம் தந்தியை மட்டும் கவனி. 8, 8, 7, 7, 5, 5, 3. ஸ்வரமாகச் சொன்னால் ஈ ஃப்ளாட், டி, சி, பி ஃப்ளாட் என்று படிப்படியாக இறங்குகிறது. பாட்டை வாயில் பாடிப் பார். மெட்டில் நீண்டு நிற்கும் ஸ்வரங்கள் எவையோ அவைதான் இவை! சிறு ஸ்வரங்கள் மூன்று ஏறி வந்து ஒரு நீண்ட ஸ்வரத்தில் உட்காரும் இல்லையா, அந்த உட்காரும் இடம் ஒவ்வொன்றும் அந்தந்த கார்டின் மூன்றாம் ஸ்வரம். மெட்டும் கார்டும் வேறு வேறாக இல்லை.

இன்னொன்று. நீண்ட ஸ்வரம் முதல் கார்டில் ஆரம்பிக்கும்போது உன் கிதாரில் அது சீக்கிரம் தேயும். தேயட்டும். அடுத்த அளவில் கார்டு மாறும்போது 3ஆம் தந்தி அதே ஃப்ரெட்டில்தான் இருக்கிறது, அடி ஸ்வரத்தை விட்டால், 4ஆம் தந்தியில் மட்டும் ஒரு ஸ்வரம் கீழே இறங்குகிறது. சி மைனரில் இருந்து எஃப் 7க்குப் போகும்போது 8 ஏழாகிறது, அவ்வளவுதான். நீ எஃப் 7ஐத் தட்டும்போது மேலே அதே ஈ ஃப்ளாட் மறுபடி பிறக்கிறது, ஆனால் அடியில் நிறம் மாறிவிட்டது. கேட்பவனுக்கு ஒரே ஸ்வரம் நீண்டு நின்ற மாதிரியும் இருக்கும், உள்ளே ஏதோ அசைந்த மாதிரியும் இருக்கும். பெடல் போட்டு ஸ்வரத்தை இழுத்திருந்தால் அந்த அசைவு உனக்குக் கிடைத்திருக்காது. இந்தக் கிதார் உன்னை ஒவ்வொரு அளவிலும் கார்டைக் கேட்க வைக்கிறது. ஸ்டாண்டர்டு வாசிக்க முதலில் வேண்டியது அந்தக் காதுதான்.

கம்ப்ரஸர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, டைமண்ட் கார்டன் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதல் ஆறு மாதம் பெடல் இல்லாமல் வாசிக்கச் சொல்வேன்.

வாஷி வீணை

பெரியவரே, இதை வாசித்துவிட்டு உடனே கிதாரை எடுத்து அந்த ஏழு பிடிகளையும் போட்டுப் பார்த்தேன். இத்தனை நாள் 3ஆம் தந்திக்குள் மெட்டு ஒளிந்திருந்ததை யாரும் எனக்குக் காட்டவில்லை.

ஒரு சந்தேகம் கேட்கிறேன். நான் கர்நாடக சங்கீதத்தில் இருந்து வந்தவள், சண்முகானந்தா கச்சேரிகளில் வளர்ந்தவள். இந்தப் பாட்டு கிட்டத்தட்ட முழுக்க பி ஃப்ளாட் மேஜர் ஸ்கேலுக்குள்தானே இருக்கிறது? டி 7இல் வரும் எஃப் ஷார்ப் ஒன்றுதான் வெளியே. அப்படியானால் அந்த ஸ்கேலை ராகமாக வைத்துக்கொண்டு கற்பனாஸ்வரம் பாடுகிற மாதிரி வாசித்தால் போதாதா? நான் அப்படித்தான் முயற்சி செய்கிறேன். தப்பான ஸ்வரம் எதுவும் விழவில்லை, ஆனால் எங்கேயும் போய்ச் சேரவும் இல்லை.

மாஹிம் பெரியவர்

அம்மா, நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி. கச்சேரியில் தம்புரா ஒரே இடத்தில் நிற்கிறது. ஷட்ஜம் நகராது, அதனால் நிஷாதம் எப்போதும் நிஷாதம்தான். இங்கே அடித்தளமே ஒவ்வோர் அளவிலும் நகர்கிறது. பி ஃப்ளாட் என்ற ஒரே ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சி மைனர் மேல் அது ஏழாம் ஸ்வரம், மெத்தென்று உட்காரும். எஃப் 7 வந்ததும் அதே பி ஃப்ளாட் நாலாம் ஸ்வரமாகி, கீழே இருக்கும் ஏயோடு உரசி, இறங்கச் சொல்லிக் கேட்கும். பி ஃப்ளாட் மேஜர் வந்ததும் அதுவே வீடு. ஸ்கேல் சரியாக இருந்தும் வாசிப்பு எங்கும் போய்ச் சேராததற்கு இதுதான் காரணம்.

நீங்கள் கற்பனாஸ்வரத்தை விட நிரவலை நினைத்துக்கொண்டு வாசியுங்கள். ஒரு வரியை எடுத்தால் அதன் சொற்கள் தாளத்தில் விழுந்த இடம் மாறக்கூடாது இல்லையா? அதே மாதிரி ஈ ஃப்ளாட், டி, சி, பி ஃப்ளாட் நான்கும் விழும் இடத்தை மாற்றாமல், இடையில் மட்டும் உங்கள் மனோதர்மத்தை விடுங்கள். 32 அளவும் ஒரு பெரிய ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறோம் என்பது தொலைந்துவிட்டால் எத்தனை அழகான சங்கதியும் வீண்.

தானே லோக்கல்

இழை நன்றாகப் போகிறது. ஃப்ளாட் வாசிகளுக்காக ஒன்று: அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி பிக் இல்லாமல் கட்டை விரலாலேயே வாசித்தது அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது என்று ராத்திரியில் மெதுவாகப் பழகியதால்தான் என்று சொல்வார்கள். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கச்சேரி. நம் சொசைட்டியில் பத்து மணிக்கு மேல் வாசிப்பவர்களுக்கு அவர்தான் குலதெய்வம். நீண்ட ஸ்வரப் பிரச்சினைக்கு அவருடைய ஆக்டேவும் ஒரு விடை. ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்துத் தட்டினால் ஆர்ச்டாப்பில் அது எவ்வளவு தடிமனாக வருகிறது பாருங்கள். 1960இல் வந்த அவர் ரெக்கார்டுகளில் இருந்து கேட்க ஆரம்பிக்கலாம்.

டைமண்ட் கார்டன்

கோபம் ஒன்றும் இல்லை பெரியவரே. பிடிகளைப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அசைவு கேட்கிறது. ஆனால் இது புது கிதாரிலும் கேட்கிறதே. பழையதுதான் வேண்டும் என்பதற்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மரத்தூள்

புதிதிலும் கேட்கும், மறுக்கவில்லை. கையில் செதுக்கிய ஸ்ப்ரூஸ்தான் ஜாஸுக்கு ஆகும் என்று சொல்பவர்களோடு எனக்கும் உடன்பாடு இல்லை. 1949இல் வந்த கிப்சன் இஎஸ்-175 லேமினேட் மேப்பிள்தான், ஒட்டுப்பலகை. அப்போது 175 டாலர், பெயரே அதனால் வந்தது. ஜோ பாஸ், ஜிம் ஹால் மாதிரி பெரிய ஜாஸ் கிதார் கலைஞர்கள் அதில்தான் வாசித்தார்கள். லேமினேட் நம் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும்.

நான் சொல்வது இந்த ஒரு கிதாரைப் பற்றி. நல்ல நிலையில், வெட்டுப்படாமல் வந்திருக்கிறது. அந்த மேற்பலகையில் இரண்டு ஓட்டை போட்டு ஹம்பக்கரின் எடையை ஏற்றினால் அது அசைவதே குறையும், ஒலியும் மாறும். அடியில் இருக்கும் சட்டங்களை எங்கே வெட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும். ஒரு தடவை வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. புது ஒலி வேண்டுமானால் புது கிதார் வாங்கலாம், அதுதான் இதைவிட நேர்மையான வழி.

மாட்டுங்கா ஈஸ்ட்

ஃப்ளாட்வவுண்ட் 11 செட் கிடைத்தது, போட்டாயிற்று. ஆறு தந்தியும் சமமாகப் பேசுகின்றன. பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை. முன்பு கேட்ட கிதாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை சார்!

பெரியவர் கொடுத்த ஏழு பிடியும் கைக்கு வந்துவிட்டது. எஃப் 7இல் அந்த ஈ ஃப்ளாட் திரும்ப வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கிறது. அப்பா பக்கத்து அறையில் இருந்து, இப்போதுதான் பாட்டு மாதிரி இருக்கிறது என்றார்.

இரண்டு சின்ன விஷயம். ஆம்ப்பில் ஒரு இரைச்சல் இருக்கிறது, தந்தியைத் தொட்டால் குறைகிறது. ஷாக் அடிக்குமா? அப்புறம் ஆம்ப் செட்டிங் எப்படி வைப்பது?

மரத்தூள்

தொட்டால் குறைந்தால் தந்திக்கு எர்த் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம், ஒற்றைச் சுருள் பிக்கப்பின் சுபாவம் அது. தொட்டதும் அதிகமானாலோ விரலில் சுருக்கென்றாலோ உடனே நிறுத்துங்கள். சுவரில் இருக்கும் ப்ளக்கில் மூன்றாவது துளைக்கு எர்த் நிஜமாகவே வந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். பழைய கட்டடங்களில் பல இடத்தில் வெறும் துளைதான் இருக்கும், கம்பி இருக்காது. மின்விசிறி ரெகுலேட்டரும் ட்யூப் லைட்டும் இரைச்சல் கூட்டும், அணைத்துப் பாருங்கள்.

தானே லோக்கல்

ஆம்ப்பில் ட்ரெபிளைக் குறைத்து மிட் கொஞ்சம் ஏற்றுங்கள், பாஸ் பாதிக்குக் கீழேயே இருக்கட்டும். கிதாரில் டோன் குமிழை முழுக்க மூடாதீர்கள், மூடினால் கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். ஸ்டுடியோவில் ரோலண்ட் ஜாஸ் கோரஸ் ஆம்ப் இருந்தால் கோரஸை அணைத்துவிட்டு வாசியுங்கள், சுத்தமான ஒலி வரும். பெரிய சத்தத்தில் தடித்த தந்திகள் தானாக ஊளையிட ஆரம்பித்தால் ஆம்ப்பை நேருக்கு நேர் பார்த்து நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் எஃப் துளைகளில் மெல்லிய ஸ்பாஞ்ச் செருகலாம். வீட்டில் தேவைப்படாது.

வாஷி வீணை

நிரவல் யோசனை வேலை செய்கிறது. நான்கு ஸ்வரங்களை மட்டும் இடம் மாறாமல் வைத்துக்கொண்டு, இடையில் இரண்டு மூன்று ஸ்வரம்தான் சேர்க்கிறேன். இதுவரை நான் வாசித்ததில் இதுதான் ஜாஸுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கமகம் எவ்வளவு விடலாம் பெரியவரே?

மாஹிம் பெரியவர்

உங்கள் கை கேட்கிற அளவுக்கு விடுங்கள் அம்மா, ஆனால் ஃப்ளாட்வவுண்ட் சுற்றிய தந்தி அதிகம் இழுபடாது. பக்கவாட்டில் இழுப்பதை விட, அரை ஸ்வரம் கீழே இருந்து வழுக்கி ஏறுவது ஆர்ச்டாப்பில் அழகாக வரும். சார்லி கிறிஸ்டியனும் அப்படித்தான் பல இடத்தில் தொடுவார்.

மாட்டுங்கா தம்பிக்கு: அடுத்து நடுப்பகுதி. அங்கே வரிசை தலைகீழாகும், முதலில் ஏ மைனர் 7 ஃப்ளாட் 5, டி 7, ஜி மைனர், பிறகுதான் சி மைனர், எஃப் 7, பி ஃப்ளாட். புதுப் பிடி எதுவும் வேண்டாம், உன் கையில் இருப்பதே போதும். மெட்ரோனோமை 2, 4 தட்டில் விழுகிற மாதிரி வைத்துக்கொள். வேகம் வேண்டாம்.

நிறையக் கேள். இந்த ஊரில் இந்த இசைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. முப்பதுகளில் தாஜ் ஹோட்டலில் டெடி வெதர்ஃபோர்ட் மாதிரி அமெரிக்கர்கள் வந்து வாசித்தார்கள். சிக் சாக்லேட் மாதிரி கோவா கலைஞர்கள் இரவில் ஹோட்டலிலும் பகலில் இந்திப் படப் பாட்டிலும் வாசித்தார்கள். 1978இல் ஜாஸ் யாத்ரா இசை விழா தொடங்கியபோது சாக்ஸஃபோன் மேதை சன்னி ராலின்ஸே வந்தார். கிதாரில் என்றால் கொல்கத்தாவின் கார்ல்டன் கிட்டோவைத் தேடிக் கேள். 2016இல் காலமாகும் வரை பிபாப் என்ற ஜாஸ் பாணியை விடாமல் வாசித்த மனிதர். உன் ஹோஃப்னரில் வாசித்த அந்தப் பெரியவரும் இந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் இருந்திருப்பார். அவர் வீட்டாரிடம் அவர் வாசித்த இடங்கள், நோட்டுப் புத்தகங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வை. பழைய ஆட்கள் கார்டுகளைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள், அது குப்பைக்குப் போகக் கூடாது.

மாட்டுங்கா ஈஸ்ட்

நோட்டு ஒன்று இருக்கிறதாம் ஐயா! அவர் மகளிடம் இப்போதுதான் பேசினேன். வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எடுத்ததும் அனுமதி கேட்டு இங்கே போடுகிறேன்.

டைமண்ட் கார்டன்

அந்த நோட்டைப் பார்க்க நானும் காத்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் செம்பூரில் என் நண்பர் வீட்டில் மூன்று நான்கு பேர் கூடி வாசிப்போம். டபுள் பாஸ் இருக்கிறது, ட்ரம்ஸ் ப்ரஷ்ஷில் மட்டும். மாட்டுங்காவும் வாஷியும் கட்டாயம் வர வேண்டும், ஆட்டம் லீவ்ஸ் ஜி மைனரிலேயே வைத்துக்கொள்வோம். அந்த ஹோஃப்னரை நேரில் கேட்க வேண்டும் எனக்கு. தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.

மரத்தூள்

போகும்போது ஸ்ட்ராப்புக்கு ஒரு கயிறும் எடுத்துக்கொண்டு போங்கள். பல பழைய ஆர்ச்டாப்புகளில் கழுத்துப் பக்கம் ஸ்ட்ராப் பட்டன் இருக்காது. தலைப்பகுதியில் நட்டுக்கு (கழுத்தின் நுனியில் தந்திகள் ஏறிப் போகும் சிறு பட்டை) மேலே, தந்திகளுக்கு அடியில் கயிற்றை விட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பட்டனுக்காக யாரையும் துளை போட விடாதீர்கள்.